‘ஒண்டுமில்லை’ என்று வந்த முடிவு

சின்னம்மாவின் சொப்பிங் பைக்குள் பதினான்கு மாதம் இருக்கிறது. புடவைக்கடையின் பெயர் பாதி அழிந்துபோன மஞ்சள் பை. உள்ளே கிளினிக் கொப்பி. அதன் மூலைகளில் கறித்தூளின் நிறம். இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஒன்பது, திகதி வரிசை தப்பாமல் ஊசி குத்தி வைத்திருக்கிறார். ஸ்கான் படம் வழுவழுப்பான தாளில் அச்சானது. இப்போதே பாதி வெளுத்து, பித்தப்பை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிழல்தான் மிச்சம். கடைசியாகக் கமரா விட்டுப் பார்த்த அறிக்கை. எல்லாவற்றுக்கும் அடியில், பசித்தால் உதவும் என்று இரண்டு கிறீம் கிறாக்கர் பிஸ்கட்.

கமரா அறிக்கையோடு அவர் இணுவில் வீட்டு விறாந்தையில் வந்து இருந்த பின்னேரம் நான் அங்கே நின்றேன்.

“என்னவாம் சின்னம்மா?”

“ஒண்டுமில்லையாம்.”

“அது நல்லதுதானே.”

“நல்லதோ? அப்ப ஏன் மோனை எனக்கு நோகுது?”

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது: இந்தக் கேள்விக்கு மருத்துவத்துக்கே ஓரளவு நேரான பதில் கிடைக்கத் தொடங்கி ஐம்பது ஆண்டுதான் ஆகிறது. அந்தப் பதில் பையில் இருந்த ஒரு தாளிலும் இல்லை.

முதலில் நோவிலிருந்தே தொடங்குவோம். “ஒரு விரலால காட்டுங்கோ அம்மா, எங்கை நோகுது?” என்று வைத்தியர் கேட்டபோது சின்னம்மாவால் காட்ட முடியவில்லையாம். உள்ளங்கையை விரித்துத் தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறார். பொய்யென்று நினைப்பார்களோ என்று கூச்சமாக இருந்ததாம். கூசத் தேவையில்லை. குடல் அப்படித்தான் நோகும். முள் குத்திய விரலை இருட்டிலும் தொட்டுக் காட்டலாம், ஏனென்றால் தோலில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. குடலிலிருந்து புறப்படும் உணர்வு நரம்புகளோ மிகச் சில. அவையும் முள்ளந்தண்டு வடத்தின் பல படிகளில் பரந்து போய் நுழைகின்றன. அதோடு, கருவில் சமிபாட்டுத் தொகுதி உடலின் நடுக்கோட்டில் ஒரு நேர்க்குழாயாகத்தான் உருவாகிறது. மூளை இன்னும் அந்தப் பழைய வரைபடத்தையே வைத்திருக்கிறது. இரைப்பையின் நோவை நெஞ்சுக்குழிக்குக் கீழேயும், சிறுகுடலின் நோவைத் தொப்புளைச் சுற்றியும், பெருங்குடலின் கடைசிப் பகுதியின் நோவை அடிவயிற்றிலும் அது உணர்த்துவது இதனால்தான். குடல்வால் அழற்சி தொப்புளடியில் தொடங்கிப் பிறகு வலது அடிவயிற்றுக்கு இறங்குவதும் இப்படித்தான்: அழற்சி வயிற்றறையின் உட்சுவரைத் தொட்ட பிறகே உடலுக்கு இடம் பிடிபடுகிறது.

இன்னொன்று இதைவிட விசித்திரம். குடலை வெட்டினால் நோகாது. பெருங்குடலுக்குள் கமரா விட்டு, அங்கே முளைத்திருக்கும் சிறு சதைவளர்ச்சியைக் கம்பிக் கண்ணியால் அறுத்து எடுக்கும்போது நோயாளிக்கு அறுத்தது தெரியாது. ஆனால் பார்ப்பதற்கு வசதியாகக் காற்றை நிரப்பும்போது முனகுவார். வெட்டையும் சூட்டையும் அறியாத குடல், விரிவையும் இழுவையையும் அழற்சியையும் நன்றாக அறியும். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் சின்னம்மாவுக்கு வயிறு “தவில் மாதிரி” ஆகி நோவு எடுப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனிப் பைக்குள் இருக்கும் தாள்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு கண் உண்டு. அந்தக் கண் பார்க்காத திசையும் உண்டு. ஸ்கான் என்று நாம் பொதுவாகச் சொல்வது செவிக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவது. பித்தக்கல், சிறுநீரகத்தின் வீக்கம், கல்லீரல், சூலகம் இவற்றுக்கு அது கெட்டிக்காரன். காற்றைக் கண்டால் ஒலி அங்கேயே முறிந்து திரும்பிவிடும். குடலோ காற்று நிறைந்த பொருள். வெறும் வயிற்றோடு வரச் சொல்வது ஏன் என்று சின்னம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தாலும் பார்ப்பது கடினம். வயிற்றில் காற்றும் கூடிவிடும். ஒண்டுக்குப் போகாமல் அடக்கி வைத்திருக்கச் சொல்வது, நிறைந்த சிறுநீர்ப்பை ஒலிக்கு ஒரு கண்ணாடி யன்னல் போல உதவுவதால். காரணம் தெரியாதவர் விடியற்காலையில் ஒரு மிடறு பால்தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார், திருப்பி அனுப்புவார்கள், இன்னொரு நாள் போய்விடும்.

கமரா இன்னொரு கதை. விரல் தடிப்புள்ள ஒரு குழாய். தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை விசிறுவார்கள்; விழுங்க முடியாதது போல் ஒரு மரப்பு வரும். இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும், வாயில் ஒரு பிளாஸ்ரிக் வளையம். பத்து நிமிடம் போதும். சின்னம்மாவுக்கு அந்தப் பத்து நிமிடத்தில் ஞாபகம் இருப்பது தோளில் கை வைத்துக்கொண்டு நின்ற மிஸ்ஸியின் வளையல் சத்தம் மட்டுந்தான். ஜேர்மன் வைத்தியர் அடொல்ப் குஸ்மவுல் 1868இல் முதன்முதலாக ஒரு மனிதனின் இரைப்பைக்குள் விறைத்த குழாயை இறக்கிப் பார்த்தபோது, அதற்கு அவர் பிடித்து வந்த ஆள் வாள் விழுங்கி வித்தை காட்டுகிறவன். இதைச் சொன்னேன். “அவனுக்குப் பழக்கம்” என்றார் சின்னம்மா. வளைந்து கொடுக்கும் கண்ணாடியிழைக் குழாய் 1957இல்தான் வந்தது. அதைச் செய்த பசில் ஹிர்ஷோவிற்ஸ் முதலில் தானே விழுங்கிப் பார்த்தார்.

வாயால் போகும் கமரா உணவுக்குழாயையும் இரைப்பையையும் சிறுகுடலின் வாசலையும் பார்க்கும். மற்றப் பக்கத்தால் போவது பெருங்குடல் முழுவதையும் சிறுகுடலின் கடைசி முனையையும் பார்க்கும். இடையே சில மீற்றர் சிறுகுடல் இரண்டுக்கும் எட்டாது. 2001இல் பாவனைக்கு வந்த, குளிசை போல விழுங்கும் கமரா அந்த இடைவெளிக்கானது. எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. சீ.ரி. ஸ்கான் எல்லாவற்றையும் குறுக்குத் துண்டுகளாக வெட்டிக் காட்டும்.

இவை யாவும் பார்ப்பது வடிவத்தை. புண் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா, கல் இருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா. இணுவில்காரருக்கு இதை விளக்குவது எளிது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர். தவிலைப் பற்றி இங்கே யாருக்கும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஒரு தவிலை ஸ்கான் பண்ணுங்கள். பலாமரக் கட்டை வெடிக்கவில்லை, தோல் கிழியவில்லை, வார் அறவில்லை. அறிக்கையில் ‘ஒண்டுமில்லை’ என்று எழுதலாம். வலந்தலை எவ்வளவு இறுகியிருக்கிறது, விரல் பட்டதும் எப்படிப் பேசும் என்பது படத்தில் வராது. சின்னம்மாவின் குடலில் நடந்திருப்பது அந்த இறுக்கம் போன்ற ஒன்று.

இதை முதலில் எண்ணால் காட்டியவர்களில் ஒருவர் ரிச்சி என்ற ஆய்வாளர். 1973இல் வெளியான அவருடைய ஆய்வு மிக எளிமையானது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் ஒரு சிறு பலூனை வைத்துக் காற்றடித்தார். 60 மில்லிலீற்றர் அளவுக்கு ஊதியபோது சாதாரண ஆட்களில் 6 சதவீதத்தினர்தான் நோவென்றார்கள். படங்களில் ஒன்றும் தெரியாமல் நெடுநாள் வயிற்றுநோவோடு அலைந்தவர்களில் 55 சதவீதத்தினர் நோவென்றார்கள். அதே பலூன், அதே காற்று. குடற்சுவரிலிருந்து மூளை வரை எங்கேயோ ஒலிபெருக்கியின் குமிழ் கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. குடற்சுவருக்குள் 10 கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் இருக்கின்றன. மூளையைக் கேளாமலே குடலை அசைக்கவும் சுரக்கவும் வைக்கும் தனி நிர்வாகம் அது. அவ்வளவு கம்பிகள் உள்ள இடத்தில் கம்பி ஒன்றும் அறாமலே சத்தம் கூடலாம்.

குமிழை யார் கூட்டுகிறார்கள்? பலர். அவர்களில் ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்த ஊர் கனடாவில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம், ஒன்ராறியோ மாகாணத்து வோக்கர்ட்டன் என்ற சிற்றூரில் கனமழைக்குப் பிறகு மாட்டுச்சாணத்துப் பற்றீரியாக்கள் குடிநீர்க் கிணற்றுக்குள் இறங்கின. 2,300 பேரளவில் வயிற்றால் போய்ப் படுத்தார்கள், 7 பேர் இறந்தார்கள். அந்த ஊரை விட்டுவிடாமல் பின்தொடர்ந்து சென்றார்கள் ஆய்வாளர்கள். இரண்டு, மூன்று ஆண்டுக்குப் பிறகு, அந்தத் தொற்று உறுதியாக வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலானோருக்கு நாட்பட்ட வயிற்றுநோவும் மலம் கழிக்கும் ஒழுங்கின் மாற்றமும் இருந்தன. நோய் தொடாதவர்களில் அது பத்தில் ஒருவருக்குத்தான். கிருமி போய்விட்டது, குடல் மறக்கவில்லை.

இதை வாசித்துவிட்டுச் சின்னம்மாவிடம் கேட்டேன்: இது தொடங்க முதல் ஏதும் வருத்தம் வந்ததோ? யோசித்தார். முந்தின மாரியில், கிணறு வெள்ளத்தில் நிரம்பிய கிழமை, மூன்று நாள் வயிற்றால் போய்ச் சேலைன் ஏற்றியிருக்கிறார்கள். பதினான்கு மாதத்தில் யாருக்கும் இதைச் சொல்லவில்லையா என்றால், யாரும் கேட்கவில்லை என்றார். அது வேறு வருத்தம் என்று தான் நினைத்ததாகவும் சொன்னார். 2014இல் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி வந்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் எந்த வயித்துக்குத்துக்கும் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் எண்ணெயைத் தேடினார்கள். மலக்கிருமியை நினைக்கவில்லை.

நோயை நோவின் தன்மையால் வகுப்பது நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவம் குன்மத்தை எட்டாகப் பிரித்தது: வாயு, எரி, சத்தி, வலி என்று அந்தப் பெயர்கள் பலவும் நோயாளி உணர்வதை வைத்து வந்தவை. இன்றைய வைத்திய உலகமும் சுற்றிவளைத்து அதே வழிக்கு வந்திருக்கிறது. ரோம் நகரின் பெயரால் அறியப்படும் வகைப்பாட்டின் நான்காம் பதிப்பு 2016இல் வெளிவந்தது. படத்தில் ஒன்றும் தெரியாத இந்த நோவுகளை அது குடலுக்கும் மூளைக்கும் இடையிலான ஊடாட்டத்தின் குழப்பங்கள் என்று அழைக்கிறது. எத்தனை மாதமாக, கிழமைக்கு எத்தனை நாள், சாப்பிட்ட பின்னா, மலம் கழித்தால் குறைகிறதா, மலத்தின் தன்மை மாறுகிறதா என்ற கேள்விகளால்தான் அங்கே நோய் தீர்மானிக்கப்படுகிறது. 33 நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், இணையவழியில் பதில் சொன்னவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு இந்த வகைக் குழப்பங்களில் ஏதாவது ஒன்று இருந்தது. காரணம் பிடிபடாத நோவும் நமக்குப் புதிதில்லை: தமிழில் அதிகம் பேசப்பட்ட வயிற்றுநோவு திருநாவுக்கரசரின் சூலை. அவரோடு இருந்த சமணத் துறவிகள் தாம் அறிந்த மந்திரமும் மருந்தும் செய்து பார்த்துக் கைவிட்டார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. பிறகு திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரிடம் ஆளனுப்பி, பின்பு தாமே புறப்பட்டுப் போனார். சூலை என்ன நோய் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. காரணம் தெரியாத நோவோடு இராத்திரியில் அக்காவைத் தேடிப் போன மனிதர் என்ற அளவில் அவர் எங்கள் கிளினிக் வாங்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவர்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. படத்தில் தெரியாதது எல்லாம் நரம்பின் வேலை என்று முடிவுகட்டுவதும் பிழை. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று நீண்ட காலம் உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன் என்ற நோயியலாளர் இரைப்பைத் துண்டுகளில் வளைந்த பற்றீரியாக்களைக் கண்டார். அவரோடு சேர்ந்த பரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் குழம்பை ஒரு மிடறாகக் குடித்துத் தன் இரைப்பையை அழற்சியாக்கிக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதுவரை ‘யோசனை கூடிப்போச்சு’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்! ஆகவே பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மெலிந்துகொண்டு போவது, மலத்தில் இரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு, விழுங்கும்போது தடக்குவது, ஓயாத சத்தி, இரத்தச்சோகை, நித்திரையிலிருந்து எழுப்பும் நோவு, கண்ணில் மஞ்சள், ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாகத் தொடங்கும் நோவு, குடும்பத்தில் குடற்புற்று: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். சலரோகம் உள்ளவருக்கு நெஞ்சுக்குழியில் நோவும் வியர்வையும் வந்தால் அது வயிறாக இராமல் இருதயமாகவும் இருக்கலாம்; அன்றைக்கு அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போட்டுப் படுக்கக் கூடாது. குளிசைப் பையையும் கொட்டிப் பார்க்க வேண்டும். சலரோகத்துக்குக் கொடுக்கும் மெற்போமின் பலருக்கு வயிற்றைக் குழப்பும். முழங்கால் நோவுக்குப் போடும் டைக்ளோபெனக் இரைப்பையைப் புண்ணாக்கும். சின்னம்மா இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார், இரண்டும் இரண்டு வேறு வைத்தியர்கள் எழுதியவை. மெற்போமினைச் சாப்பாட்டோடு போடச் சொல்லி மாற்றினார்கள், டைக்ளோபெனக் நின்றது. வயிற்றால் போவது குறைந்தது. நோவு குறையவில்லை.

பிரச்சினை வருவது பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்த பிறகுதான். சின்னம்மாவின் ஸ்கான் அறிக்கையில் கடைசி வரியில் கல்லீரலில் ஒரு சிறிய நீர்க்கட்டி என்று இருந்தது. வயது போனவர்களில் பலருக்கு இருக்கும், ஒன்றும் செய்யாத கட்டி. அந்த ஒரு சொல் கனடாவின் ஸ்காபரோ வரை போய்விட்டது. “அம்மா, கட்டியெண்டு எழுதிக் கிடக்கு, உடனே சீ.ரி. எடுங்கோ, காசு போட்டிருக்கிறன்” என்று மகன் இரவோடு இரவாக அழைத்தான். அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனால் தாயின் வயிற்றில் கை வைத்துத் தடவ முடியாது, சீ.ரி.க்குக் காசு அனுப்ப முடியும். எங்கள் ஊரில் பரிசோதனை பாசத்தை அளக்கும் கோலாகவும் ஆகிவிட்டது. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சீ.ரி.யின் கதிர்வீச்சு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவேர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயல்பாக நமக்கு வருவது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4. ஒரு படத்தில் மூன்று, நான்கு ஆண்டு. தேவையென்றால் அது பெரிய விலையில்லை. நீர்க்கட்டியை நீர்க்கட்டி என்று இரண்டாம் முறை சொல்வதற்கு அது விலைதான்.

இரத்தப் பரிசோதனைகளிலும் இப்படி ஒரு பொறி உண்டு. முடிவுத் தாளின் வலப்பக்கம் ‘சரியான அளவு’ என்று இரண்டு எண்கள் இருக்கும். சுகமாக இருப்பவர்களை அளந்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரை உள்ளே வைத்து அந்த வேலியைப் போடுகிறார்கள். அதாவது சுகமான நூறு பேரில் ஐந்து பேர் எப்படியும் வேலிக்கு வெளியே நிற்பார்கள். ஒருவருக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், ஒரு நோயும் இல்லாமலே ஏதாவது ஒன்றாவது பிழையாக வரும் வாய்ப்பு 64 சதவீதம். பத்தொன்பது சரியான முடிவுகளை யாரும் பார்ப்பதில்லை. தடித்த எழுத்தில் வந்த ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் நித்திரை போகும்.

சரி, முடிவு நன்றாக வந்தால் நிம்மதி வராதா? இதையும் அளந்திருக்கிறார்கள். பெரிய நோய்க்கான சாத்தியம் குறைவாக உள்ளவர்களுக்குச் செய்யும் பரிசோதனைகள் அவர்களுடைய கவலையைக் குறைக்கின்றனவா என்று, 14 ஆய்வுகளையும் 3,828 நோயாளிகளையும் ஒன்றாகச் சேர்த்து 2013இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். செமியாமை, முதுகு நோ, தலையிடி என்று பலவகை நோவுகள். பரிசோதனை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இடையே, தமக்கு வருத்தம் இருக்கிறதோ என்ற பயத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சின்னம்மாவின் ‘நல்லதோ?’ என்ற கேள்வி அந்த 3,828 பேரின் கேள்வியுந்தான்.

என் மனத்தை மாற்றியது நியூசிலாந்தில் நடந்து 2007இல் வெளியான, இன்னும் சிறிய ஓர் ஆய்வு. நெஞ்சு நோவென்று வந்த 92 பேரை இருதயப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சிலரோடு மட்டும், பரிசோதனைக்கு முன்பே, ஒருவர் இருந்து பேசினார்: இது என்ன பார்க்கும், சரியென்று வந்தால் அதன் பொருள் என்ன, அப்படி வந்தாலும் நோவு வேறு எதனால் வரக்கூடும். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர்கள்தான் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். பரிசோதனை எல்லோருக்கும் ஒன்றுதான். பேச்சு முன்னால் வந்ததுதான் வேறுபாடு. முடிவு வந்த பிறகு சொல்லப்படும் ‘ஒண்டுமில்லை’ கதவை அடிப்பது போல விழுகிறது. முதலே சொல்லியிருந்தால் அது எதிர்பார்த்த இரண்டு பதில்களில் ஒன்றாக இருந்திருக்கும்.

முன்னால் பேச நேரம் வேண்டும், மொழியும் வேண்டும். நேரத்தைப் பற்றி வைத்தியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்து வரிசையில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மொழியைப் பற்றிச் சொல்லலாம். இணுவிலுக்குக் கிட்ட இருக்கிறது மானிப்பாய். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கே வைத்தியம் கற்பித்தார், பின்னாளில் தமிழிலேயே. உடற்கூறு, சத்திரசிகிச்சை, மருந்தியல் எல்லாவற்றையும் தமிழில் பெயர்த்து அச்சிட்டார். கலைச்சொல் இல்லாத இடத்தில் உட்கார்ந்து சொல் உருவாக்கினார். இணுவிலிலேயே 1898இல் அமெரிக்க மிஷனார் பெண்களுக்கென்று மக்லியொட் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பெண்ணின் நோவைத் தமிழில் கேட்பதற்கென்றே இந்த இரண்டு மைல் சுற்றளவில் இவ்வளவு நடந்திருக்கிறது. சின்னம்மாவின் பையில் உள்ள பதினேழு தாளிலும் அவருடைய பெயர்கூடத் தமிழில் இல்லை.

அடுத்த கிளினிக்குக்கு நானும் போனேன். காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னம்மா சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். பை முழுவதையும் கொட்டாமல், ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகலாம் என்று முதல் நாள் இரவே எழுதியிருந்தோம்: எப்போது தொடங்கியது, அதற்கு முன் வந்த வயிற்றோட்டம், எதைச் சாப்பிட்டால் கூடுகிறது, என்னென்ன குளிசை, என்னென்ன பார்த்தாயிற்று. அரைப்பக்கம். வைத்தியர் இளம்பிள்ளை. அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார். பெருங்குடலுக்கும் ஒருமுறை கமரா விட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன் என்றார். சின்னம்மா பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததைக் கேட்டார்:

“அதிலையும் ஒண்டுமில்லையெண்டு வந்தால் பிறகென்ன செய்வியள் டொக்டர்?”

வைத்தியர் பேனையை மூடினார். கதிரையைக் கொஞ்சம் இழுத்துப் போட்டார். வயது அறுபதைத் தாண்டியதால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, புற்றும் நாட்பட்ட அழற்சியும் இல்லையென்று உறுதியாகும், நோவுக்கு அது பதில் தராமல் விடலாம், அப்படியானால் குடலின் நரம்புகள்தான் காரணம் என்று வைத்து அதற்கு மருந்து தொடங்குவோம் என்றார். நாலு நிமிடம் ஆகியிருக்கும். பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இந்த முறை சின்னம்மா அழவில்லை.

தொடங்கிய மருந்து அமிற்றிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம். பாமசியில் நின்ற பெடியன் துண்டைப் பார்த்துவிட்டு, “இது மனவருத்தக் குளிசையெல்லோ அம்மா” என்று சொல்லிவிட்டான். சின்னம்மா நாலு நாள் அதைத் தொடவில்லை. தனக்கு விசர் என்று வைத்தியர் நினைத்துவிட்டாரோ என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டார். மனச்சோர்வுக்கு இதே மருந்தைப் பல மடங்கு கூட்டிக் கொடுப்பார்கள் என்பது உண்மை. இந்தச் சிறு அளவில் அது செய்வது குடல் நரம்புகளின் குமிழைக் கொஞ்சம் குறைப்பது. 2023இல் வெளியான ஆங்கில நாட்டு ஆய்வொன்றில், குடும்ப வைத்தியர்களிடம் வந்த இத்தகைய 463 பேருக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை இதையோ வெற்றுக் குளிசையையோ கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு நோவு கூடுதலாகத் தணிந்தது. வாய் காயும், தூக்கம் வரும்; எல்லோருக்கும் ஒத்துவராது. மனதுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் வடுக்களைப் பற்றி 1998இல் எழுதிய நூலில், மனத்தின் காயம் எங்கள் ஆட்களிடம் உடல் நோவாகப் பேசுவதைப் பதிந்திருக்கிறார். 1995இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்து நடந்த சனத்தில் சின்னம்மாவும் ஒருவர். அதுவும் குமிழைக் கூட்டிய கைகளில் ஒன்றாக இருக்கலாம். அதனால் நோவு கற்பனையாகிவிடாது. பலூனை ஊதினால் அவருக்கு உண்மையாகவே நோகும்.

மிஞ்சியது சாப்பாடு. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தவர்கள் 2005 முதல் சொல்லிவரும் ஒரு விடயம் இணுவிலுக்குக் கொஞ்சம் கசப்பானது. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பற்றீரியாக்களால் புளித்துக் காற்றாகும் சில மாச்சத்துகள் இத்தகைய குடல்களைக் கஷ்டப்படுத்துகின்றன. அவற்றில் முன்னணியில் நிற்பவை வெங்காயமும் உள்ளியும். செம்மண்ணில் வெங்காயம் போட்டு வளர்ந்த குடும்பம். சம்பலுக்கு, சொதிக்கு, பொரியலுக்கு எல்லாம் அதுதான் ஆதாரம். அரிசி நல்லது, அதனால் புட்டும் இடியப்பமும் தப்பின. அரிசி மாவு ஏறத்தாழ முழுதாகச் சமித்துவிடும். நாலு முதல் ஆறு கிழமை வெங்காயத்தை விட்டுப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சேர்த்து, எவ்வளவு வரை வயிறு பொறுக்கிறது என்று காண வேண்டும். வாழ்நாள் முழுக்க ஒதுக்கத் தேவையில்லை. இதற்கிடையில் ஒரு தந்திரம் உண்டு. தொல்லை தரும் அந்தச் சத்து எண்ணெயில் கரையாது, வாசம் கரையும். வெங்காயத்தை எண்ணெயில் வதக்கிவிட்டு அரித்து எடுத்துவிட்டால் சொதியில் மணம் நிற்கும், காற்று நிற்காது.

சின்னம்மா இதை நம்பவில்லை, ஆனால் செய்து பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனபோது தாச்சியில் வெங்காயம் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. நோவு எப்படி என்று கேட்டேன். கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது இப்ப இரண்டு நாள் என்றார். மஞ்சள் பை அசைவில் தொங்கியது. உள்ளே பிஸ்கட் தீர்ந்திருந்தது. அரிகரண்டியால் வெங்காயம் முழுவதையும் அள்ளி, எண்ணெய் வடியவிட்டு, எங்கே கொட்டுவதென்று ஒருகணம் சுற்றிப் பார்த்தார். பிறகு என் கோப்பைக்குள் கொட்டினார்.

“நீ தின் மோனை. உனக்குச் செமிக்கும்.”